‘இயற்கையானதுதானே’ என்பவர்களுக்கு

முந்தாநாள் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இங்கே குறைவு. இமை பாதி மூடித் துவண்டு கிடந்த நாய்க்குட்டியைக் காட்டி, “இயற்கை மாத்திரை கொடுத்ததும் எவ்வளவு அமைதியாகிவிட்டான்” என்று பூரித்தவருக்கு வாழ்த்துகள் குவிந்தன. எதை, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்ட எனக்குப் பீதி கிளப்புபவன் என்ற பட்டம் கிடைத்தது.

செல்லப்பிராணியை அமைதிப்படுத்தக் கொடுப்பது இயற்கையானதுதானே என்கிறீர்கள். அரளி விதையும் இயற்கையானதுதான். மெலடோனின், தூக்கத்தைத் தூண்டும் ஒரு ஹார்மோன். வலேரியன் என்ற மூலிகையின் வேர் மந்தத்தை உண்டாக்கும். கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் கொடுக்கப்பட்ட நாய்கள் சிலவற்றுக்குக் கல்லீரல் நொதியின் அளவு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்கென விற்கும் மெலடோனின் மிட்டாயில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருந்தால், நாயின் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், கல்லீரலும் பழுதாகலாம். வேலை செய்யும் என்று நம்பித்தானே கொடுக்கிறீர்கள்? வேலை செய்கிற பொருளுக்குப் பக்கவிளைவு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

நானும் உத்தமன் இல்லை. தனிமைக்குப் பயந்து கதவைப் பிராண்டி நகத்தைப் பிய்த்துக்கொண்ட எங்கள் கருப்பனுக்கு மருத்துவர் ஃப்ளூக்செடின் என்ற மனநல மருந்தை எழுதினார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று அவர் சொல்லியும் பொறுக்காமல், செடியின் விதையிலிருந்து எடுப்பதுதானே என்று 5-எச்டிபி மாத்திரையையும் நான் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டுமே மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுபவை என்பது எனக்குத் தெரியாது. அன்றிரவு அவனுடைய பின்னங்கால்கள் வெடவெடத்தன, கண்மணிகள் விரிந்துவிட்டன, காதைத் தொட்டால் கை சுட்டது. “வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?” என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றேன். அது பொய்யில்லை, என் கணக்கில் அது மருந்தே இல்லை. அவர் மூன்றாம் முறை வேறு விதமாகக் கேட்ட பிறகுதான் அந்த டப்பா என் நினைவுக்கு வந்தது. பிழைத்துக்கொண்டான்.

“எங்கள் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே” என்பவர்களுக்கு, மிக்க மகிழ்ச்சி. “மனநல மருந்துக்கு மட்டும் பக்கவிளைவு இல்லையா?” என்றால், உண்டு, கருப்பன் முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எல்லோராலும் மருத்துவரிடம் ஓட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு தொலைபேசி அழைப்பாவது முடியும் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அமைதி, அமைதி என்கிறோமே, அது யாருக்கு? இரவெல்லாம் கத்தும் வயதான பூனைக்குத் தைராய்டு கோளாறு இருக்கலாம், நிலைகொள்ளாமல் நடக்கும் நாய்க்கு மூட்டு வலிக்கலாம். சத்தம் அடங்கினால் நமக்குத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னதற்குத்தான் எனக்குப் பொறாமை என்று எழுதினார், கருப்பனுக்காக அன்று விடிய விடியத் தொலைபேசியில் என்னோடு விழித்திருந்த அதே நண்பர்.

அந்தக் காணொளியை இன்னொரு முறை ஒலியோடு பாருங்கள். குட்டியின் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுகிறார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை.