அடுத்த மண்டி எங்கே இருக்கிறது?

ஆண்ட்ராய்டு போன்களுக்கான செயலிக் கடையான பிளே ஸ்டோர் விவகாரத்தில், சந்தையில் நியாயமான போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்குப் போட்ட 936.44 கோடி ரூபாய் அபராதம் 216.69 கோடியாகக் குறைந்த செய்தியைப் பகிர்ந்தேன். அதற்கு, செயலிக்குள் நடக்கும் விற்பனைக்குக் கூகுள் தரகு கேட்பதை எதிர்க்கும் நிறுவனங்களைச் சுட்டி, "ஓசியில் கடை விரித்தவர்கள் வாடகை கேட்டதும் அழுகிறார்கள்" என்று வந்து எழுதிய நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். தொகை குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. கணக்கிட்ட முறை தவறென்றால் குறையட்டும். ஆனால், பிளே ஸ்டோரில் கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் சொன்னதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் முழுவதுமாகத் தள்ளிவிடவில்லை. அந்த வரியை மட்டும் ஏன் யாரும் படிக்கவில்லை?

என் அப்பா குளித்தலைப் பக்கத்திலிருந்து திருச்சிக்கு வாழைத்தார் ஏற்றியவர். மண்டிக்காரர் தரும் மஞ்சள் சீட்டில் வண்டி வாடகை, இறக்குகூலி, தரகு எல்லாம் வரிவரியாக இருக்கும். ஒரு முறை தரகு ஏறியிருந்தது. அப்பா சண்டை போடவில்லை. அடுத்த வாரம் தாரை அடுத்த மண்டியில் இறக்கினார். தரகு கேட்பது குற்றம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த மண்டி இருக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஐபோன் இருக்கிறதே என்கிறீர்கள். இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும்போது, வாடிக்கையாளரைப் போன் மாற்றச் சொல்லி யார் தொழில் நடத்த முடியும்? தன் இணையதளத்திலிருந்தே செயலியைத் தரலாமே என்பவர்கள் ஒரு முறை அப்படி நிறுவிப் பாருங்கள். ஆபத்து என்று திரை எச்சரிக்கும்போது எந்தப் பெரியவர் அதைத் தாண்டிப் போவார்? செயலிக்குள் பணம் வசூலிக்கக் கூகுளுடையது அல்லாத வேறு வழியைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள் என்பது உண்மைதான். அப்போது கூகுள் எடுக்கும் 15 முதல் 30 சதவீதத் தரகில் குறைவது வெறும் 4 சதவீதம்; அந்த வேறு வழிக்கும் தனியாகக் கட்டணம் உண்டு. ஆண்ட்ராய்டை உருவாக்க அவர்கள் செலவழித்ததை மறுக்க மாட்டேன். அதற்காகச் சந்தையும் அவர்களுடையது, கல்லாப்பெட்டியும் அவர்களுடையது, சந்தைக்குள் எதிர்க்கடையும் அவர்களுடையது என்று இருப்பது எந்த ஊர் நியாயம்?

2024 மார்ச் 1 வெள்ளிக்கிழமையை நினைத்துப் பாருங்கள். கட்டணத் தகராறில் சென்னையில் வளர்ந்த பாரத் மேட்ரிமோனி உட்படப் பத்து நிறுவனங்களின் செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியது. எத்தனை வீடுகளில் அந்த வாரம் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்! மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாள்களில் அவை திரும்ப வந்தன. திரும்பியதில் மகிழ்ச்சிதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய நிறுவனம் என்பதால் தில்லி வரை குரல் கேட்டது. மதுரையிலோ தென்காசியிலோ இரண்டு பேர் சேர்ந்து வங்கிக்கடனில் எழுதிய ஒரு செயலி அப்படிக் காணாமற்போனால், அவர்களுக்காக எந்த அமைச்சர் பேசுவார்?