சென்டிரியான் பெர்ஹாட் (மலேசியாவின் தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்றால் இயக்குநருக்குப் பொறுப்பே இல்லையா?

"சென்டிரியான் பெர்ஹாட் பதிந்துவிட்டால் நிறுவனக் கடன் எதுவும் இயக்குநரின் சொந்தப் பணத்தைத் தொடாது" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மை. மீதிப் பாதிதான் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும்.

ஊழியர் சேமநிதிச் சந்தாவை நிறுவனம் கட்டத் தவறினால், மலேசியாவின் 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி, அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்களும் நிறுவனத்தோடு கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். சம்பளத்திலிருந்து 11 விழுக்காட்டைப் பிடித்துவிட்டு, 'வாடிக்கையாளர் பணம் தந்ததும் கட்டலாம்' என்று அதில் சரக்கு வாங்குவது பெரும் தவறு. அது தொழிலாளியின் பணம்! அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்திருந்தால் அங்கேயும் தப்ப முடியாது.

பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கும் என் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: கணக்கே பார்க்காத மனைவியைப் பெயருக்கு இயக்குநராக்காதே.