ஒரு நாளைக்கு ஒட்டி, மறுநாள் பிய்த்தெறியும் பாதுகாப்பு

வீட்டிலேயே கூட்டிய காரைச் சாலையில் இறக்குவதற்கு முன் பிரிட்டனில் நடத்தப்படும் ஐவிஏ சோதனையில் என் கார் போன மாதம் தோற்றுவிட்டது. தோற்றதற்காக நான் குமுறவில்லை. சோதித்தவர் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகக் காரின் அடியிலும் உள்ளேயும் புகுந்து பார்த்து, கண்ட குறைகளை எல்லாம் எழுதிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி விளக்கினார். அவர்மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. என் கோபம் எல்லாம், ‘ஐவிஏ சோதனைக்குத் தயார்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்து, காரைக் கூட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பை, அதாவது கிட்டை, விற்றுவிட்டு, அந்தச் சோதனையை ஒரு நாள் வேஷமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே அச்சடித்துத் தருகிற விற்பனையாளர்மேல்தான்.

மூன்று குளிர்காலம் கராஜில் நின்று கட்டிய கார் அது. ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரங்களைச் சுழற்றும் பாகங்கள் ஆகியவற்றைக் கழற்றி, கிட்டில் வந்த சேசிஸில் பொருத்தி, வயரிங்கை ஒவ்வோர் இழையாகப் பிரித்துச் சுற்றி, பிரேக் பைப்பை நானே வளைத்துக் கிளிப் போட்டேன். 1957-இல் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் கொண்டுவந்த செவன் காரின் சாயல்தான் இதற்கும்: முன் சக்கரங்கள் உடலுக்கு வெளியே தனியாக நிற்கும், அவற்றின் மேல் மெல்லிய மட்கார்டு மட்டும் இருக்கும், சஸ்பென்ஷன் தண்டுகளும் அவற்றின் நட்டுகளும் எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு அழகான இந்த அமைப்புதான் சோதனையில் தலைவலியாகவும் ஆகிறது.

காரணம் எளியது. சாலையில் நடந்து போகிறவர்மேல் கார் உரசினால் அவருடைய சதையைக் கிழிக்கக்கூடிய கூர்மை வெளியே எங்கும் இருக்கக்கூடாது. அதற்காக 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தை வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பந்து தொடுகிற விளிம்பு எதுவானாலும், அதன் வளைவு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரம் கொண்டதாக இருக்க வேண்டும். உள்ளேயும் அப்படித்தான்: தலை மோதக்கூடிய பகுதியைக் கண்டறிய 165 மில்லிமீட்டர் பந்து, டேஷ்போர்டின் கீழ் விளிம்புக்கு 19 மில்லிமீட்டர் வளைவு. இவற்றை எல்லாம் சொல்கிற சோதனைக் கையேட்டை அரசாங்கமே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. நானும் அதை வரி வரியாகப் படித்தேன். கைவினைக் கடையில் 100 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நுரைப்பந்தை வாங்கி, அதன்மேல் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, கார் முழுவதும் உருட்டினேன். பொடி ஒட்டிய இடம் எல்லாம் நான் கவனிக்க வேண்டிய இடம். அன்று மாலை என் கார் அம்மை போட்டது போல வெள்ளைப் புள்ளிகளுடன் நின்றது. முன் மட்கார்டின் சுற்று விளிம்பு முழுவதும் வெள்ளை. ஃபைபர்கிளாஸை வெட்டியபடியே அனுப்பியிருந்தார்கள். விளிம்பு ஒரு தகரத் துண்டைப் போல இருந்தது.

விற்பனையாளரின் கையேட்டைப் புரட்டினால் அந்த மட்கார்டைப் பற்றி இரண்டே வரிதான். தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு ரப்பர் பட்டையை விளிம்பில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள் என்பது முதல் வரி. சோதனையில் தேறியதும் அதை எடுத்துவிடலாம் என்பது இரண்டாவது வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே அவர்களுக்குத் தொலைபேசினேன். விளிம்பை அச்சிலேயே உருட்டி வார்த்து அனுப்பினால் என்ன என்று கேட்டதற்கு, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், பட்டையோடு கார் பார்க்க நன்றாக இருக்காது, ஒரு நாள்தானே என்று பதில் வந்தது. ஒரு நாள்தானே என்ற அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. நடந்து போகிற மனிதனுக்கு ஆபத்து ஒரு நாள்தானா? சோதனை முடிந்த மறுநாளிலிருந்து அவனுடைய தொடை கிழிந்தால் பரவாயில்லையா?

இந்தச் சோதனை நேற்று முளைத்ததும் இல்லை. 1998-இல் எஸ்விஏ என்ற பெயரில் வந்தது. 2009-இல் அதைவிடக் கடுமையான ஐவிஏ ஆனது. இத்தனை ஆண்டுகளில் ஒரு மட்கார்டு அச்சை மாற்ற முடியாமல் போயிற்று என்றால் அது முடியாமை அல்ல, மனமின்மை. பிரிட்டனில் ஒரு காலத்தில் முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரியாக வாங்கிக் கூட்டுகிற கிட்டுக்கு இல்லை. வரிக்குத் தப்பிக் குறைந்த விலையில் கார் கிடைக்கும் என்பதற்காகவே பலர் கிட் வாங்கினார்கள். 1973-இல் வாட் வரி வந்ததோடு அந்த வாய்ப்புப் போயிற்று. ஆனால் சட்டம் என்றாலே அதற்கு ஒரு சந்து இருக்கும், அதன் வழியாக நழுவிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் இந்தத் தொழிலில் சிலரை விட்டு இன்னும் போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறு வழி தெரியாமல், நேரமும் இல்லாமல், நானும் அந்தப் பட்டையை ஒட்டித்தான் கொண்டுபோனேன். அதை இங்கே மறைக்கப் போவதில்லை. சோதித்தவர் இடது முன் மட்கார்டின் அடிப்பக்கத்தில் விரல் வைத்து மெதுவாக இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை கையோடு வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளில் எழுதிக்கொண்டார். அந்த மௌனத்தில் எனக்கு வந்த கூச்சம், காசு கொடுத்து அந்தப் பட்டையை எனக்கு விற்றவர்களுக்கு வந்திருக்க வேண்டியது.

இரண்டாவது குறை ஸ்டீயரிங்கில். வளைவில் திரும்பிய பிறகு கைப்பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகவே நேர்நிலையை நோக்கித் திரும்ப வேண்டும். என் காரில் அது திரும்பிய இடத்திலேயே சோம்பிக் கிடந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது அது நேராக ஓடுவதற்கு எப்படி உதவுகிறதோ, அதே சாய்வு காரின் முன் சக்கரத்துக்கும் உண்டு. அதற்குக் கேஸ்டர் கோணம் என்று பெயர். முன்பக்கம் எடை குறைவான இப்படிப்பட்ட கார்களுக்கு அந்தக் கோணம் போதவில்லை என்றால் ஸ்டீயரிங் நேராக வராது என்பது இந்தத் துறையில் இருக்கிற அனைவருக்கும் தெரியும். விற்பனையாளரின் கையேடு என்ன சொல்கிறது? கேஸ்டர் எத்தனை பாகை இருக்க வேண்டும் என்று ஓர் எண் கூட இல்லை. அதற்குப் பதிலாக, சோதனை நாளன்று முன் டயர்களில் காற்றை இரண்டு மடங்காக ஏற்றிக்கொண்டு போங்கள், வீடு திரும்பியதும் இறக்கிவிடுங்கள் என்று ஓர் உபாயம் மட்டும் இருக்கிறது. காற்று மிகையான டயரின் பிடிமானம் குறைந்துபோகும். அதாவது, சோதனையில் தேறுவதற்காக அன்று ஒரு நாள் காரை மேலும் ஆபத்தானதாக ஆக்கிக்கொண்டு சோதனைக்கு ஓட்டிப் போகச் சொல்கிறார்கள். இந்த ஒன்றையாவது செய்யாமல் போனேனே என்று மனம் ஆறுதல்படுகிறது.

இதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துத் திருத்தியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிவாகாத காரைச் சாலையில் ஓட்ட முடியாது. முன்பதிவு செய்த சோதனைக்குக் காப்பீட்டோடு போய்வருவதற்கு மட்டும்தான் விதிவிலக்கு. நாற்பது அடி கராஜ் வாசலில் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா என்பதை யாரால் கண்டறிய முடியும்? அப்படி ஓட்டிப் பார்க்க வழியே இல்லாத ஒருவருக்குச் சரியான கோணத்தை எண்ணில் எழுதிக் கொடுப்பது விற்கிறவரின் கடமை இல்லையா? தோற்ற பிறகு, தெரிந்த விவசாயி ஒருவரிடம் கெஞ்சி, அவருடைய களத்தில் இரண்டு சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன். கோணமானியை வைத்து அளந்தால் கேஸ்டர் மூன்று பாகை கூட இல்லை. முன் சக்கரத்தை மேல்பக்கத்தில் பிடித்திருக்கும் கவட்டைத் தண்டான மேல் விஷ்போனின் பின்பக்கம் இருந்த மூன்று வாஷர்களை எடுத்து முன்பக்கம் போட்டேன். விஷ்போன் 9 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தது, கோணம் ஐந்தரைக்கு வந்தது, ஸ்டீயரிங் கையில் உயிர் வந்தது போல நேராகத் திரும்பியது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. காசு ஒரு பென்னி கூட ஆகவில்லை. கையேட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்!

டேஷ்போர்டில் கிட்டோடு வந்த, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக டாகிள் சுவிட்சுகளும் தோற்றன; அவற்றைக் கழற்றிவிட்டுத் தட்டையான சுவிட்சுகளைப் போட்டுவிட்டேன். பிரேக், சீட் பெல்ட் பிடிப்பு, விளக்குகள், புகை, சைலன்சரின் சத்தம் எல்லாம் முதல் முறையிலேயே தேறின. நான் கட்டியவை தேறின, அவர்கள் செய்து அனுப்பியவை தோற்றன என்று சொன்னால் அது மிகையில்லை.

சோதனைக்கு 450 பவுண்டு கட்டினேன். மறுசோதனைக்கு 90 பவுண்டு. டிரெய்லர் வாடகையும், இரண்டு நாள் விடுப்பும், சில வாரக் காத்திருப்பும் தனி. விற்றவர்களுக்கு இதில் ஒரு பைசா நட்டமில்லை. பட்டை விற்ற காசு கூட அவர்கள் பையில்தான்.

போன ஞாயிறன்று பட்டை முழுவதையும் உரித்துவிட்டுப் பசையைத் துணியால் துடைத்தபோது, துணியோடு சேர்ந்து என் சுட்டுவிரலும் கிழிந்தது. நின்றுகொண்டிருந்த காரில், மெதுவாகத் துடைத்த கைக்கே இந்த நிலை. முப்பது மைல் வேகத்தில் அந்த விளிம்பு ஒருவரைத் தொட்டால் என்ன ஆகும் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனி இந்தக் காரில் ரப்பர் பட்டை ஒட்டுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

6 மில்லிமீட்டர் பருத்திக் கயிற்றை, காய்ந்தால் கெட்டியாகிவிடும் ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து, மட்கார்டின் விளிம்பு நெடுகிலும் ஒட்டி, அதன்மேல் ஃபைபர்கிளாஸ் பாய்த் துண்டுகளை மடித்துப் படியவைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்க்கிறேன். இப்போது விளிம்பு மூன்று மில்லிமீட்டருக்கும் மேலான ஆரத்தில் உருண்டு இருக்கிறது. விரலை அழுத்தி ஓட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. அழகும் கெடவில்லை, பார்த்தவர்கள் அது தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது என்றுதான் நினைக்கிறார்கள். ஒரு மட்கார்டுக்கு இரண்டு மாலை ஆகிறது. தொழில்முறை அறிவு ஏதும் இல்லாத நான் கராஜில் செய்கிற இதை, அச்சு வைத்திருப்பவர்கள் வார்க்கும்போதே செய்துவிடலாம். வெட்டிய பழைய விளிம்பின் படத்தையும், புதிய விளிம்பின் படத்தையும், வாஷர் மாற்றிய அளவுகளையும் சேர்த்து அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ‘சோதனைக்குத் தயார்’ என்ற விளம்பரத்தை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அச்சை மாற்ற வேண்டும், பட்டைக்கும் மறுசோதனைக்கும் நான் கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அடுத்த கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டேன்.

மறுசோதனைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வலது மட்கார்டில் ரெசின் காய்ந்துகொண்டிருக்கிறது.