ஏர்போர்ட் பக்கமுங்க!

நான் விமானம் ஏறியது இதுவரை ஒரே ஒரு தடவை. கம்பெனி செலவில் கோயம்புத்தூரில் இருந்து சென்னைக்குப் போய் வந்தேன். வீட்டம்மாவுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்ட எங்களிடம் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்து சொல்கிறார்: "ஏர்போர்ட் பக்கத்து வீடுங்க தம்பி. அடுத்த மாசத்துல இருந்து மூவாயிரம் சேத்திக் குடுத்துருங்க."

ஏனுங்க, நான் என்ன ஷார்ஜாவுக்கா தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்? போவது சின்னியம்பாளையம் தாண்டி ஒரு பம்ப் கம்பெனிக்கு, டிவிஎஸ் எக்ஸெல்லில்.

அந்தப் 'பக்கம்' இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது இருகூர்ப் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் ஏர்போர்ட் தெரியும். ஆனால் உள்ளே போகிற வழி சித்ரா பஸ் ஸ்டாப் பக்கம், அவிநாசி ரோட்டில் இருக்கிறது. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். காம்பவுண்டுச் சுவரை எகிறிக் குதிக்கலாம் என்றால் பக்கம்தான். குதித்தால் துப்பாக்கிக்காரர்கள் வந்து கூட்டிப் போவார்கள், வாடகை இல்லாத இடத்துக்கு.

சத்தத்துக்கு என்ன கழிவு தருகிறார்கள்? ராத்திரி விமானம் இறங்கும்போது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி கிணிகிணி என்று நடுங்கும். போனில் பேசிக்கொண்டிருந்தால் "இருங்க, பிளேன் போயிரட்டும்" என்று நிறுத்தி, அப்புறம் விட்ட இடத்தைத் தேட வேண்டும். சின்னவள் பேசப் பழகியபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்து வந்த வார்த்தை 'பேனு'. இதற்கெல்லாம் நியாயமாகப் பார்த்தால் அவரல்லவா எனக்கு மூவாயிரம் குறைக்க வேண்டும்!

விலை ஏறுவதற்கு விமானம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. டைடல் பார்க் வந்தது, காளப்பட்டி, சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனிகள் வந்தன, அவிநாசி ரோடு நெடுகிலும் காலேஜும் ஆஸ்பத்திரியும் வந்தன. 2025-ல் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்ட்வின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டர் மேம்பாலமும் திறந்தாயிற்று. திருப்பூர் பனியன் முதலாளிகளுக்கும், வெளிநாட்டில் சம்பாதித்து இங்கே மனை வாங்கிப் போடுகிறவர்களுக்கும் ஏர்போர்ட் பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கணக்கில் ஏறிய விலையை எக்ஸெல்லில் போகிறவன் தலையில் வைத்துக் கட்டினால் எப்படி? இரண்டு பெட்ரூம் வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். தண்ணி மட்டும் எட்டு நாளைக்கு ஒரு தடவை. பிளேன் நேரத்துக்கு வருகிறது, குழாயில் தண்ணி வருவதில்லை.

இதாவது வாடகைக்காரன் புலம்பல். சுவரை ஒட்டித் தோட்டம் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், வயிறு எரியும். 2010 வாக்கில் விரிவாக்கம் என்று சொல்லி, சிங்காநல்லூர், காளப்பட்டி, இருகூர், நீலாம்பூர் என்று அறுநூறு ஏக்கருக்கு மேல் எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். 2,990 மீட்டர் ஓடுதளத்தைக் கிட்டத்தட்ட 3,800 மீட்டராக நீட்டுவதற்காம். நீட்டட்டும், பெரிய விமானம் வரட்டும். ஆனால் நிலம் கைமாறி முடியப் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தார்களே, அதுவரைக்கும் அந்த நிலத்தை வாங்க யார் வருவார்கள்? எங்கள் ஒறம்பரையில் ஒரு பெரியப்பாவுக்கு அங்கே நாற்பது சென்ட். மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று பார்த்தார். வந்தவன் எல்லாம் சர்வே நம்பரைக் கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். பேங்கிலும் கடன் இல்லை. கடைசியில் வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. இழப்பீடு கைக்கு வந்தபோது அந்த வட்டாரத்தில் சென்ட் விலை எங்கேயோ போய்விட்டது. நாற்பது சென்ட் கொடுத்தவருக்கு அந்தப் பணத்தில் அங்கேயே பத்து சென்ட்கூட வாங்க முடியவில்லை. ஒரே ஏர்போர்ட்தான். கோட்டுக்கு உள்ளே இருந்த நிலம் முடங்கிக் கிடந்தது, கோட்டுக்கு வெளியே இருந்தது குதிரை மாதிரி ஓடியது. கோடு எந்த வரப்பில் விழும் என்று பெரியப்பாவைக் கேட்டா போட்டார்கள்?

எங்கள் வீட்டுக்காரரையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். மேலே இன்னும் இரண்டு மாடி கட்ட ஆசைப்பட்டார். ஏர்போர்ட்டுக்கு அருகில் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்று அலைந்து ஓய்ந்துவிட்டார். மேலே கட்ட முடியாத மாடியின் வாடகையை இப்போது கீழே இருக்கிற எங்களிடம் வசூலிக்கிறார் போல.

சரி, காலி பண்ணிவிடலாம் என்று நேற்று அன்னூர்ப் பக்கம் வீடு பார்க்கப் போனோம். தோட்டத்துக்கு நடுவில் புது வீடு, நல்ல காற்று, வானத்தில் ஒரு சத்தமில்லை. புரோக்கர் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "வாடகை கொஞ்சம் முன்னப் பின்ன இருக்குமுங்க. இங்கிருந்து ஏர்போர்ட் முக்கா மணி நேரந்தான்."