இப்பவே அனுபவிச்சுக்கோ

போன மாதம் எங்கள் அடுக்ககத்துப் படிக்கட்டில் ஒரு தப்பு செய்துவிட்டேன். மேல்வீட்டுப் பெண் ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். நைட்டியின் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "இதெல்லாம் பொற்காலம்மா, இப்பவே அனுபவிச்சுக்கோ, அப்புறம் ஏங்கினாலும் வராது" என்றேன். மரியாதை தெரிந்த பெண், சிரித்தாள். சிரித்துவிட்டு, "நேத்து ராத்திரி எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முழுக்க மனசே சரியில்லை. இதே வார்த்தையை என்னிடம் சொன்ன பெரியம்மா, சித்தி, எதிர்வீட்டு மாமி எல்லோரையும் நான் மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன்! முப்பது வருடம் கழித்து நானே அந்த மாமி ஆகி நிற்கிறேன்.

என் மகள் பிறந்தது 1995 ஐப்பசியில். ஐப்பசி அடைமழையில் கும்பகோணத்தில் பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், துணி காயவே காயாது. டயப்பர் எல்லாம் எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பழைய வேட்டியைக் கிழித்த துணிகள்தான், ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து. இட்லிப் பானை மூடிமேல் ஒன்று, டிவிப் பெட்டியின் சூட்டில் இரண்டு, மிச்சத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். வீடு பூராவும் ஈரத்துணியும் வசம்பும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனைக்கு இன்று ஏங்குகிறேன் என்று எழுதினால் லைக் விழும். அன்று அந்தத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அழுததையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எனக்குத் தஞ்சாவூரில் அரசு வேலை. மகப்பேறு விடுப்பு அப்போது 90 நாள்தான். தொண்ணூற்றோராவது நாள் பஸ் ஏறிவிட்டேன், போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மார்பு கல்லாகக் கனக்கும். கழிப்பறைக்குப் போய்ப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து கோப்புக்கு முன்னால் உட்காருவேன். அங்கே வீட்டில் என் பிள்ளைக்கு மாமியார் பாலாடையில் பசும்பால் புகட்டிக்கொண்டிருப்பார்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு அந்த விடுப்பு 2011-ல் ஆறு மாதம் ஆனது, 2016-ல் ஒன்பது, 2021-ல் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவை கூட்டும்போதும் அலுவலகத்தில் யாராவது ஒருத்தர், அதுவும் பெண்களே, "நாங்கல்லாம் மூணு மாசத்துல வந்து உழைக்கலையா?" என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் பட்டதை இன்னொருத்தி படாமல் போனால் நமக்கு என்ன நஷ்டம்? மேல்வீட்டுப் பெண்ணுக்குத் தனியார் வேலை, 26 வாரம். இன்னும் சில நாளில் அவளும் கிளம்பியாக வேண்டும். அவளிடம் போய்ப் பொற்காலம் என்கிறேன் நான்.

ராத்திரிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். விட்டத்துக் கொக்கியில் மாமியாரின் பழைய நூல் சேலையில் தூளி. தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியை என் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு கீழே படுத்துக்கொள்வேன். குழந்தை சிணுங்கினால் கால் தானாக ஆட்டும். கொக்கி கிரீச்சிட்டால் குழந்தை எழுந்துவிடும் என்று படுப்பதற்கு முன் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடுவது என் வீட்டுக்காரரின் வேலை. (அவர் செய்த வேலைகளின் பட்டியல் அத்தோடு முடிகிறது. சரி, அது வேறு பதிவு.) நாலு வருடம் கழித்து மகன் பிறந்ததும் அதே சேலை, அதே கொக்கி.

இதையெல்லாம் சொல்கிறவள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2004 ஜூலை 16. எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் தீ. 94 குழந்தைகள். என் மகனுக்கு ஐந்து வயது, படித்தது வேறு தெருவில் வேறு பள்ளி. அது தெரிந்தும் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போன் கிடைக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பாபநாசம் தாண்டியும் அந்த பஸ்ஸில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் அவன் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு ஏம்மா சீக்கிரமே வந்துட்டே? என்ன வாங்கிட்டு வந்தே?" என்கிறான். எனக்கு அந்தக் கேள்வி கிடைத்தது. ஊரில் 94 பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடங்களில் கும்பகோணத்தில் பிள்ளை வளர்த்தவர்களிடம் போய் "அதெல்லாம் ஒரு காலம்" என்று யாரும் சும்மா பேசிவிட முடியாது.

அப்படியானால் ஏக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது எந்த ஆல்பத்திலும் இல்லாத ஒரு அற்ப விஷயத்துக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு நான் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் இரண்டும் ஓடிவந்து என் பையைப் பிடுங்கும். தேடுவது மிட்டாயை இல்லை, என் டிபன் பாக்ஸை. அதில் மத்தியானம் மிச்சமான தயிர் சாதம் இரண்டு வாய் இருக்கும், புளித்து, ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய் இறங்கி. அதற்கு அப்படி ஒரு அடிதடி! வீட்டில் பாட்டி பண்ணிய சுடச்சுட அடை காத்துக்கொண்டிருக்கும், தொடமாட்டார்கள். அப்புறம் நான் வேண்டுமென்றே இரண்டு வாய் மிச்சம் வைக்க ஆரம்பித்தேன். பசியோடு எழுந்து கை கழுவிய நாட்களும் உண்டு. காலேஜ் போகிற வயதிலும் மகன் அந்த டப்பாவை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டி முற்றத்தில் போடுவான்.

இப்போது தினமும் நாலு மணிக்கு மேல்வீட்டுக்குப் போகிறேன். குழந்தையை வாங்கி வைத்துக்கொள்கிறேன், அவள் தூங்குகிறாள், இல்லையென்றால் தலைக்குக் குளிக்கிறாள். புத்திமதி எதுவும் சொல்வதில்லை. முதல் நாள் ஒரு மணி நேரம் என்றுதான் போனேன். அவள் அசந்து தூங்கியதில் ஆறரை ஆகிவிட்டது, குழந்தை என் மேல் இரண்டு தடவை ஈரம் பண்ணியது.

ஞாயிற்றுக்கிழமை மகன் புனேயிலிருந்து போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னேன். டிபன் பாக்ஸ் பேச்சும் வந்தது. "அந்த மாதிரி தயிர் சாதம் இங்க எங்கயும் கிடைக்கலம்மா" என்றான்.

"அது நல்லாவே இருக்காதுடா" என்றேன்.

"தெரியும்" என்றான்.