பால் பல்லுக்கும் வேர் உண்டு
"பால் பற்களுக்கு வேர் கிடையாது, எப்படியும் விழுபவை, சொத்தைக்குச் செலவு வீண்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. வேர் இருக்கிறது. பால் கடைவாய்ப் பற்களில் அது கால்களை அகட்டி நிற்பதுபோல் விரிந்திருக்கும்; அந்த இடைவெளியில்தான் நிலைப்பல் உருவாகிறது. அது மேலெழும்போது பால் பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைகிறது. விழுந்த பல்லில் வேர் தெரியாதது அதனால்தான்.

பால் பல்லின் எனாமல் (மேலுள்ள கடினப் படலம்) மெல்லியது, பற்கூழ் (உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்பகுதி) பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது என்பதால் சொத்தை விரைவில் உள்ளே எட்டிவிடும். வேரடியில் சீழ் கட்டினால் அடியில் வளரும் பல்லின் எனாமலும் பழுதாகலாம். கடைசிப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை உழைக்க வேண்டியவை. அதுவரை பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

இன்னொன்று: ஏறத்தாழ 6 வயதில் பால் பற்கள் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் முளைப்பது நிலைப்பல். எதுவும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால் பல்லென்று விட்டுவிடுகிறார்கள்.