செனகலின் தேசிய உணவு குருணைச் சோறு

'உலக நாடுகளின் பாரம்பரிய தேசிய உணவுகள்' என்று ஒரு பட்டியல் அடிக்கடி இணையத்தில் சுற்றுக்கு வருகிறது. ஒரு கொடி, பக்கத்தில் ஒரு தட்டு, கீழே 'ஆயிரமாண்டுப் பாரம்பரியம்' என்று ஒரு வரி. தாய்லாந்துக்குப் பாட் தாய் போட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய வருடங்களில் அந்நாட்டுப் பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசாங்கம் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய நூடுல்ஸ் அது, இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. ஹைட்டிக்குப் பூசணிக்காய் சூப். பண்ணை முதலாளிகள் குடித்து, சமைத்துக் கொடுத்த அடிமைகளுக்கு மறுக்கப்பட்ட சூப். 1804 ஜனவரி 1 அன்று அந்த அடிமைகள் விடுதலையை அறிவித்தார்கள். இன்றுவரை ஜனவரி 1 வந்தால் நாடே அந்த சூப்பைக் காய்ச்சிக் குடிக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் தட்டை மட்டும் காட்டினால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

செனகலுக்கு நேராக செபு ஜென் என்று ஒரு மீன் சோறு இருக்கும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். பாரிஸில் உணவகங்களில் வேலை பார்க்கும் என்னைப் போன்ற புதுச்சேரிக்காரர்களுக்கு செனகல்காரர்கள் தூரத்து மனிதர்கள் கிடையாது. அடுப்படியில் தோளோடு தோள் நிற்கிறோம். லா ஷப்பேலில் நம் கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஷாத்தோ ரூழ், அவர்களுடைய சந்தை. கூட வேலை செய்யும், செனகலின் சேன் லூயி ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் அவர் மனைவி சமைப்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன்.

மீன் துண்டில் கத்தி முனையால் ஆழமாகக் கீறி, பூண்டு, பார்ஸ்லி, வெங்காயத்தாள், மிளகாய் சேர்த்து இடித்த விழுதை விரலால் உள்ளே திணிக்கிறார். கடலை எண்ணெயில் மீனைப் பொரித்து எடுத்துவிட்டு அதே எண்ணெயில் தக்காளி விழுதைப் போடுகிறார். பச்சை வாசம் போய், சிவப்பு கறுத்து, எண்ணெய் பிரிகிறவரை கிளறல். அவசரமே இல்லை. அப்புறம் தண்ணீர், முட்டைக்கோஸ், கேரட், மரவள்ளிக் கிழங்கு, கசப்பான ஒரு குட்டைக் கத்தரிக்காய், புளி. கூடவே யேத் என்று ஒன்று, கடல் நத்தையின் சதையைப் புளிக்க வைத்துக் காயவைத்தது. வாடை நம் கருவாட்டை விடத் தூக்கல், ஆனால் குழம்புக்குள் இறங்கியதும் அது தரும் ருசியை வேறெதுவும் தராது. மீனும் காய்களும் வெந்ததும் எல்லாவற்றையும் அரித்து எடுத்து வைத்துவிட்டு, ஏற்கெனவே ஆவி காட்டிய அரிசியை மிச்சமிருக்கும் சாற்றில் கொட்டி மூடுகிறார்.

அந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். குருணை! எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கவும் கோழிக்குப் போடவும் வாங்குகிற அதே நொய். முழு அரிசியில் செய்ய மாட்டீர்களா என்று கேட்டதற்கு, "முழு அரிசியில் சாறு ஏறாது தம்பி" என்கிற தொனியில் பிரெஞ்சில் பதில் வந்தது. சாப்பிட்டுப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்க உண்மை. ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்காருகிறோம். அவரவர் முன்னால் இருக்கும் பங்கில் மட்டும் கை வைக்க வேண்டும். நடுவில் கிடக்கும் மீனையும் கிழங்கையும் வீட்டுக்காரம்மா பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருப்பார், விருந்தாளி பக்கம் கொஞ்சம் கூடுதலாக. சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியாக வைப்பார்கள். அதற்குப் பிள்ளைகளிடம் போட்டி.

சரி, ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்துக்கு இந்தக் குருணை எப்படிப் போனது? அந்தப் பக்கம் காலங்காலமாகக் கம்பும் சோளமும் சாப்பிட்டவர்கள். தெற்கே காசமான்ஸில் ஜோலா மக்கள் ஆப்பிரிக்காவுக்கே சொந்தமான நெல் வகையைப் பயிரிட்டு வந்தார்கள். ஆனால் சேன் லூயி, இன்றைய தலைநகர் டகார் சந்தைகளை நிரப்பியது அந்த நெல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நிலக்கடலைச் சாகுபடியைப் பெருக்கினார்கள். பிரான்ஸின் துறைமுக நகரமான மார்சேயின் எண்ணெய் ஆலைக்கும் சோப்புக்கும் கடலை வேண்டியிருந்தது. 1885இல் டகாரிலிருந்து சேன் லூயிக்கு ரயில் பாதை போட்டபோது, கடலை விளைகிற காயோர் சீமை வழியாகத்தான் போட்டார்கள். நிலமெல்லாம் கடலைக் கொல்லையாகிவிட்டால் வயிற்றுக்கு எங்கே போவது? வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. அங்குள்ள சைகோன் ஆலைகளில் உடைந்து மிஞ்சிய மலிவுக் குருணையைக் கப்பலேற்றி செனகலில் இறக்கினார்கள். ஒரு காலனியின் கழிவைக் கொண்டு இன்னொரு காலனியின் பசியை அடைத்த கணக்கு இது.

புதுச்சேரிக்காரன் என்பதால் இந்தக் கதை எனக்கு இன்னும் நெருக்கம். எங்கள் பக்கத்துக் கடலையும் அதே மார்சேய்க்குத்தான் போனது. சைகோனுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கதை எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் நெசவாளர்கள் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணி செனகல் ஆற்றங்கரையில் வேலம் பிசினுக்கு ஈடாகப் பணம் போலவே புழங்கியது. துணி நெய்தவரும் அரிசி குற்றியவரும் கடலை பிடுங்கியவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்தக் கழிவு அரிசியைச் சேன் லூயியின் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பெந்தா ம்பாய் என்ற சமையல்காரப் பெண்மணிதான் முதன்முதலில் இந்தச் சோற்றைச் சமைத்தார் என்று அங்கே சொல்வார்கள். ஒருவரோ பலரோ, குருணையின் பலவீனத்தையே பலமாக்கத் தெரிந்த கை அது. உடைந்த அரிசி சாற்றை நன்றாக உறிஞ்சும், ஆனால் அசந்தால் குழைந்துவிடும். அதனால்தான் முதலில் ஆவி, பிறகு சாறு. 2021இல் யுனெஸ்கோ இந்தச் சமையலைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஹைட்டியின் பூசணி சூப்பும் அதே ஆண்டில்தான் சேர்ந்தது. 'ஆயிரமாண்டு' என்று ஒரு பொய்யைச் சேர்ப்பதால் இந்தச் சோற்றுக்கு எந்தக் கௌரவமும் கூடாது. அடுப்படியில் நின்ற அந்தப் பெண்கள் கண்டுபிடித்ததைத்தான் அந்தப் பொய் அழிக்கிறது.

நைஜீரியாக்காரர்களும் கானாக்காரர்களும் யாருடைய ஜொல்லோஃப் சோறு (இந்தச் சோற்றின் உறவு) உசத்தி என்று இணையத்தில் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெயரே செனகலின் பழைய ஜொலோஃப் அரசிலிருந்து வந்ததுதான். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

என் கவலை அரிசியைப் பற்றியது. 1960இல் சுதந்திரம் வந்தது, குருணை இறக்குமதி நிற்கவில்லை. இன்று அது பல நாடுகளிலிருந்து போகிறது, இந்தியாவிலிருந்தும் பெருமளவு போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டு விலை, மழைக் குறைவு, கால்நடைத் தீவனம் என்று நமக்கு அதற்கான காரணங்கள் இருந்தன. அந்தச் செய்தி நம் ஊரில் வணிகப் பக்கத்தில் ஒரு மூலையில் வந்துபோனது. செனகலில் அது நேரே மதியச் சாப்பாட்டின் மேல் விழுந்த அடி. பிறகு அந்த நாட்டுக்கென்று விலக்கு கொடுத்தார்கள், 2025 மார்ச்சில் தடையே போய்விட்டது. ஆனாலும் ஒரு நாட்டின் தேசிய உணவு இன்னொரு நாட்டின் ஏற்றுமதி ஆணையில் தொங்குவதைப் பெருமைப் பட்டியலில் எப்படி எழுதுவது? செனகல் ஆற்றுப் படுகையில் நெல் விளைகிறது. அதைப் பெருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அரசாங்கம் திட்டம் போட்டும் தேவையில் பெரும்பங்கு இன்னும் கப்பலில்தான் வருகிறது.

மீனும் அப்படித்தான். இந்தச் சோற்றுக்கு உரிய மீன் என்று அவர்கள் சொல்வது தியோஃப், நம் களவா இனம். நல்ல விலை கிடைக்கிறது என்று அது ஐரோப்பாவுக்குப் போகிறது. வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் அள்ளியது போக, உள்ளூர்ப் படகுக்காரர் வலையில் விழுவது குறைந்துகொண்டே வருகிறது. ஏழைகள் மத்திக்கு இறங்கினார்கள். இப்போது அந்த மத்தியையும் மீன்தூள் ஆலைகள் வாங்கி அரைத்து, வளர்ப்பு மீனுக்குத் தீவனமாக ஏற்றுமதி செய்கின்றன. மீன் கிடைக்காத இளைஞர்கள் அதே மரப்படகில் ஏறி ஸ்பெயினின் கேனரித் தீவுகளை நோக்கிப் போகிறார்கள், பலர் கடலிலேயே செத்துப் போகிறார்கள். யுனெஸ்கோ சமையல் முறைக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. அதில் போடுகிற மீனைக் காப்பாற்ற, யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று ஐரோப்பாவோடும் மற்றவர்களோடும் கறாராகப் பேசும் ஓர் அரசாங்கம் வேண்டும். கரையோரத்து மீன்தூள் ஆலைகளுக்கு ஒரு வரம்பும் வேண்டும். அங்குள்ள மீனவர்கள் இதைத்தான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.